வெடிக்கிற மண்ணும் மிதக்கிற வீடும்

ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள்? 365. அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு 1 போடுங்கள், பின்னால் ஒரு 9 போடுங்கள். 13659 வருகிறதா? நெதர்லாந்து நாட்டில் பிள்ளைகள் இந்த எண்ணை இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் நடுவில் நிற்கும் அரண்மனைக்கு அடியில் 13,659 மரங்கள் இருக்கின்றன. 1648-ல் நகர மண்டபமாகக் கட்டத் தொடங்கிப் பிற்பாடு அரண்மனை ஆன கட்டடம் அது. மேலே இருப்பதோ கனமான கல். அத்தனை பாரத்தையும் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த மரங்கள்தான் தாங்குகின்றன.

கல் கட்டடத்துக்கு மரத்திலா அஸ்திவாரம் என்று உங்களுக்குத் தோன்றும். நெதர்லாந்தின் நிலத்தில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலான பகுதி கடல் மட்டத்தைவிடத் தாழ்வானது. ஆம்ஸ்டர்டாமில் மண்ணைத் தோண்டினால் களிமண் வரும். அதோடு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் தண்ணீரில் மக்கி உருவான பொதபொதப்பான மண்ணும் வரும். காலை வைத்தாலே அமுங்கும். உறுதியான மணல் படுகை வேண்டும் என்றால் ஏறக்குறைய 12 மீட்டர், அதாவது 40 அடி கீழே போக வேண்டும். அவ்வளவு ஆழத்துக்கு வானம் தோண்டிக் கல் கட்ட முடியாது, குழிக்குள் தண்ணீர் ஊறி நிறைந்துவிடும். அதனால் நெட்டையான ஊசியிலை மரங்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நார்வேயிலிருந்து ஏராளமாக வந்தன. மரத்தின் சிறுத்த முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, கனத்த ஒரு கட்டையைக் கயிறு கட்டி மேலே இழுத்து, மரத்தின் தலையில் போட்டுப் போட்டு அடித்து இறக்கினார்கள். கயிறு இழுக்க ஒரு கூட்டமே வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்து ஒரே நேரத்தில் விட வேண்டும் என்பதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தார்களாம். நம் ஊர் ஏற்றப்பாட்டுக்கும் அதற்கும் வேலை ஒன்றுதான்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஈர மண்ணுக்குள் கிடக்கும் மரம் இற்றுப்போகாதா?

தோட்டத்து வேலிக்கம்பு ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் அதிகமாக இற்றிருக்கும்? பெரும்பாலும் தரையை ஒட்டிய இடத்தில்தான். மரத்தைத் தின்பவை பூஞ்சைகள். அவை வாழ ஈரமும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். தரையை ஒட்டி இரண்டுமே கிடைக்கும். ஆம்ஸ்டர்டாம் மரங்களோ தலை முதல் நுனி வரை நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அங்கே ஈரம் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு, ஆக்சிஜன்தான் இல்லை. பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. ஆகவே அந்த ஊரில் கால்வாய் நீர்மட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள். கடும் கோடையில் நிலத்தடி நீர் இறங்கி மரத்தின் தலை வெளியே தெரிந்தால் போச்சு, பூஞ்சை ஏறிவிடும். தண்ணீர் வற்றினால் அங்கே வீட்டுக்கே ஆபத்து.

அடியில் மண் இப்படி என்றால் மேலே வீடு எப்படி இருக்கும்? கால்வாய்க் கரையில் மனைகள் குறுகலானவை. அகலத்தில் கிடைக்காததை உயரத்திலும் நீளத்திலும் எடுத்துக்கொண்டார்கள். நாலைந்து மாடி, ஒவ்வொன்றும் ஒடுங்கி உயர்ந்த செங்கல் வீடு. முன் சுவரில் பெரிய பெரிய ஜன்னல்கள். வெயில் குறைந்த நாட்டில் வெளிச்சம் உள்ளே வர அது உதவும். சுவரின் எடையும் குறையும், அடியிலுள்ள மரங்களுக்குப் பாரம் இறங்கும். கூரையை மறைத்து எழும்பும் முகப்புச் சுவர்தான் இந்த வீடுகளின் அழகு. சிலது இரண்டு பக்கமும் படிக்கட்டுபோல ஏறி உச்சியில் சேரும். சிலது நீண்ட கழுத்துபோல மேலே போகும். சிலது மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருக்கும். முகப்பின் வடிவத்தை வைத்தே வீட்டின் காலத்தை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். படிக்கட்டு முகப்பு மூத்தது, மணி முகப்பு இளையது.

முகப்பின் உச்சியில் ஒரு மரச்சட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கொக்கி. உள்ளே மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து, கட்டிலும் பீரோவும் ஏறாது. எனவே கொக்கியில் கப்பியை மாட்டி, வெளியே தொங்கவிட்டு இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே எடுத்துக்கொள்வார்கள். நம் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அதே கப்பிதான். ஒரே இடத்தில் மாட்டிய கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை, இழுக்கும் திசையை மட்டும் மாற்றிக் கொடுக்கும். பாரத்தோடு சேர்ந்து மேலேறும் இன்னொரு கப்பியையும் பூட்டினால் இழுக்க வேண்டிய விசை பாதியாகும், ஆனால் கயிற்றை இரண்டு மடங்கு நீளம் இழுக்க வேண்டும். ஏற்றும் சாமான் சுவரில் உரசாமல் இருக்க முன் சுவரையே தெருப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம் வீடுகள் முன்னால் சாய்ந்திருப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது. பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் வீடு என்றால் அடியில் மரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நெதர்லாந்துக்காரர்களை டச்சுக்காரர்கள் என்பார்கள். அவர்கள் நம் பக்கமும் வந்தவர்கள். கோவில்பட்டியில் பஸ் ஏறி எட்டயபுரம் வழியாகப் போனால் 60 கிலோமீட்டர் அளவில் தூத்துக்குடி வந்துவிடும். 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து அந்தத் துறைமுகத்தை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். துணியும் முத்தும் சங்கும் அவர்களை இழுத்தன. 1825-ல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தூத்துக்குடியில் அவர்கள் 1750-ல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. அதே 1658-ல் யாழ்ப்பாணக் கோட்டையும் அவர்கள் கைக்கு வந்தது. போர்ச்சுக்கீசியர் சதுரமாகக் கட்டியிருந்ததை இடித்து, ஐந்து முனை நட்சத்திரமாகப் புதிதாகக் கட்டினார்கள். சதுரக் கோட்டையில் சுவரின் மேல் நிற்கும் காவலனுக்குச் சில இடங்கள் கண்ணில் படாது. நட்சத்திரத்தின் ஒரு முனையில் நின்றால் அடுத்த முனையின் அடிச்சுவர் முழுவதும் தெரியும். பாகைமானியும் அளவுகோலும் எடுத்து ஒரு ஐங்கோணம் வரைந்து, மூலைகளில் அம்புமுனை வைத்துப் பாருங்கள், உங்களுக்கே விளங்கும்.

ஆனால் அந்தக் கோட்டைக்கு நார்வே மரம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை. கடலில் கிடைத்த பவளக் கல்லை வைத்தே மதிலை எழுப்பினார்கள். இலங்கையில் காலி, கொழும்பு ஊர்களில் அவர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்தால் ஆம்ஸ்டர்டாமின் சாயலே குறைவு. அகலமாக, தாழ்வாக, ஓட்டுக்கூரை போட்டு, முன்னால் தூண் வைத்த தாழ்வாரமும் பின்னால் முற்றமும் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஊரில் வெயிலை உள்ளே அழைத்தவர்கள் இங்கே வந்து நிழலைத் தேடினார்கள். கட்டியவர்கள் ஒரே ஆட்கள்தான். மண்ணும் வெயிலும் மாறியதும் வீடும் மாறிவிட்டது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒரு நாட்டின் கட்டடக்கலை என்று நாம் சொல்வதில் பாதி, அந்த நாட்டு மண் சொல்லிக்கொடுத்தது.

தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் எங்கேயோ சாலையோரத்து மண் நிறம் மாறுகிறது. கடற்கரை மணல் முடிந்து கரிசல் தொடங்குகிறது. அந்தக் கரிசலில் வீடு கட்ட டச்சுக்காரர்கள் வந்திருந்தால் அவர்களே திகைத்திருப்பார்கள். அவர்கள் ஊர் மண் எப்போதும் ஈரம், எப்போதும் மெத்து. நம் மண்ணோ ஐப்பசியில் ஒரு மாதிரி, சித்திரையில் வேறு மாதிரி.

சித்திரை வெயிலில் கரிசல்காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை முழங்கை வரை விடலாம். விளையாடும்போது கோலிக்குண்டு உள்ளே விழுந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். ஐப்பசி மழை நன்றாகப் பெய்த பிறகு அதே இடத்துக்குப் போங்கள், வெடிப்பு இருந்த தடமே தெரியாது. மண் உப்பி எல்லாவற்றையும் மூடியிருக்கும். நடந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

காரணம், கரிசலில் உள்ள ஒருவகைக் களித்துகள். மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். மணல் துகள் குருணை மாதிரி உருண்டையாக இருக்கும், இது மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. நுண்ணோக்கியில்கூடச் சாதாரணமாகத் தெரியாத அளவுக்குச் சின்னது. மழைநீர் இந்தத் தகடுகளுக்கு நடுவில் புகுந்து அவற்றை விலக்குகிறது. மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் ஏறி உப்புமே, அப்படி ஒவ்வொரு துகளும் உப்புகிறது. வெயிலில் தண்ணீர் வெளியேறியதும் தகடுகள் நெருங்கி மண் சுருங்குகிறது. சுருங்கிய மண் பழைய இடத்தை நிரப்பப் போதாமல் வெடிக்கிறது. இந்தத் தகடுகள் தண்ணீரைச் சீக்கிரம் விடுவதில்லை. மழை நின்று பல வாரம் கழித்தும் பருத்தியும் சோளமும் உளுந்தும் மானாவாரியாக விளைவது அதனால்தான். நமக்குச் சோறு போடும் குணமும் சுவரைப் பிளக்கும் குணமும் ஒன்றேதான்.

இதைப் பள்ளியில் அளந்தே பார்க்கலாம். ஆசிரியரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், மண்ணெண்ணெய் வேலை இருக்கிறது. காய்ந்த கரிசல் கட்டியைத் தட்டிப் பொடியாக்கி, நல்ல சல்லடையில் சலித்து எடுங்கள். 100 மில்லி அளவுசாடி இரண்டில் 10 மில்லி அளவுக்குப் பொடியைப் போடுங்கள். ஒன்றில் தண்ணீரும் இன்னொன்றில் மண்ணெண்ணெயும் 100 வரை ஊற்றுங்கள். கண்ணாடிக் குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். மண்ணெண்ணெய்க்குத் தகடுகளுக்கு நடுவில் புகத் தெரியாது. அதில் பொடி உப்பாமல் ஏறக்குறைய பழைய உயரத்திலேயே படியும். தண்ணீர்ச் சாடியில் அது உயர்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் 10, தண்ணீரில் 18 என்று வைத்துக்கொள்வோம். 8 கூடியிருக்கிறது, பத்துக்கு எட்டு, ஆக 80 சதவீதம். வீடு கட்டும் முன் பொறியாளர்கள் செய்யும் சோதனையும் ஏறக்குறைய இதேதான். 50-க்குள் வந்தால் பெரிய கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் அஸ்திவாரத்தைப் பற்றி நன்றாக யோசித்துத்தான் கட்ட வேண்டும். செம்மண்ணிலும் ஆற்று மணலிலும் செய்து பார்த்து மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மண் உப்பினால் வீடு ஏன் வெடிக்கிறது? முழு வீடும் ஓர் அங்குலம் மேலே ஏறிப் பிறகு ஓர் அங்குலம் இறங்கினால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. தொல்லை என்னவென்றால், ஒரு மூலை ஏறும்போது மற்றொரு மூலை ஏறுவதில்லை. வீட்டின் நடுத்தரைக்கு அடியில் வெயில் படாது, அங்கே மண் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். வெளிச்சுவருக்கு அடியிலுள்ள மண் கோடையில் காய்ந்து இறங்கும், மழைக்கு முதலில் உப்புவதும் அதுதான். கொல்லைப்புறத்தில் குளியலறைத் தண்ணீர் சுவரோரம் தேங்கினால் அந்த மூலை மட்டும் வருஷம் முழுவதும் தூக்கிக்கொண்டிருக்கும். சுவரை ஒட்டிப் பெரிய வேப்பமரம் நின்றால் அதன் வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை இறக்கிவிடும். இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சுவர் என்ன செய்யும்? பலவீனமான இடத்தில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் விடும்.

சின்ன வீடு, கனம் இல்லை, அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கத் தோன்றும். நிலைமை தலைகீழ். மண் உப்பும்போது மேல்நோக்கித் தள்ளுகிறது. பெரிய கட்டடம் தன் பாரத்தால் அந்தத் தள்ளலை அமுக்கி வைக்கும். ஒற்றை மாடி வீட்டாலும் காம்பவுண்டுச் சுவராலும் அது முடியாது. கரிசல் ஊர்களில் முதலில் நெளிவது காம்பவுண்டுச் சுவர்தான், அதற்குப் பிறகு ரோடு.

கொத்தனார்கள் இதற்குப் பழைய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். வானம் தோண்டும்போது கரிசலை ஆழமாக அள்ளி வெளியே போட்டுவிட்டு, சரளையோ ஆற்று மணலோ கொட்டிக் கெட்டித்து, அதன்மேல் கட்டுவது. நல்ல வழிதான், ஆனால் கரிசல் பல அடி ஆழம் போகிற இடத்தில் கட்டுப்படியாகாது. அங்கேதான் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்று வளர்த்தெடுத்த முறை கைகொடுக்கிறது. வெயிலும் மழையும் மண்ணின் மேற்பகுதியைத்தான் ஆட்டிப் படைக்கின்றன. மூன்றரை மீட்டர் கீழே போனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் ஈரம் ஏறக்குறைய ஒரே அளவு, அங்கே மண் அசைவதில்லை. அந்த ஆழம் வரை கையால் சுற்றும் துளைக்கருவியால் குழி போடுகிறார்கள். பிறகு கத்திகள் குடைபோல விரியும் ஒரு கருவியை உள்ளே இறக்கிச் சுற்றினால், குழியின் அடிப்பக்கம் மட்டும் குமிழாக அகலும். 30 சென்டிமீட்டர் குழிக்கு 75 சென்டிமீட்டர் குமிழ், ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் நிரப்பினால் தூண் தயார். மேல்மண் உப்பி அந்தத் தூணைப் பிடித்து மேலே இழுக்கும்போது, அசையாத மண்ணுக்குள் அகன்று கிடக்கும் குமிழ் அதை விடாது. தூண்களின் தலையில் கான்கிரீட் உத்தரம் ஓட்டி அதன்மேல் சுவர் எழுப்புவார்கள். அந்த உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவில் சில அங்குலம் சும்மா விட்டுவிடுவார்கள். கரிசல் உப்பட்டும், அந்த இடைவெளிக்குள் உப்பிக்கொள்ளட்டும், வீட்டைத் தொடாது.

ஆம்ஸ்டர்டாமில் அமுங்கும் மண்ணைத் தாண்டி 12 மீட்டர். கோவில்பட்டியில் உப்பும் மண்ணைத் தாண்டி மூன்றரை மீட்டர். இரண்டு ஊரிலும் ஆட்டம் போடுகிற மண்ணை விட்டுவிட்டு ஆடாத மண்ணைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

இந்தக் காலத்து டச்சுக் கட்டடங்களில் துணிச்சல் அதிகம். உட்ரெக்ட் நகரத்தில் கெரிட் ரீட்வெல்ட் 1924-ல் கட்டிய ஷ்ரோடர் வீட்டில் மாடிச் சுவர்களைத் தள்ளி நகர்த்தலாம். பகலில் ஒரே பெரிய கூடம், இரவில் தனித்தனி அறை. ரோட்டர்டாம் நகரம் 1940-ல் குண்டுவீச்சில் நடுப்பகுதியையே இழந்தது. பழையதைத் திரும்பக் கட்டாமல் புதுப்புது வடிவங்களைச் சோதிக்கும் ஊராக அது மாறியது. அங்கே பீட் ப்ளோம் என்ற கட்டடக்கலைஞர் 1984-ல் முடித்த வீடுகள் மஞ்சள் கனசதுரங்கள், ஒவ்வொன்றும் தன் ஒரு மூலையில் நிற்கிறது. உள்ளே சுவர்கள் சாய்ந்திருக்கின்றன, பீரோவை எங்கே சாய்த்து வைப்பது என்று குடியிருப்பவர்கள் மூளையைக் கசக்குகிறார்கள். அவற்றைப் பார்க்க எனக்கும் ஆசை உண்டு. என்றாலும் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது வேறு ஒன்று.

மாஸ் ஆற்றங்கரையில் மாஸ்போமல் என்று ஓர் ஊர். அங்கே 2005 வாக்கில் கட்டி முடித்த சில வீடுகளுக்கு அடியில் உள்ளீடற்ற கான்கிரீட் தொட்டி இருக்கிறது. ஆறு அமைதியாக இருக்கும்போது வீடு தரையில் உட்கார்ந்திருக்கும். வெள்ளம் ஏறினால் வீடும் மிதந்து ஏறும். கான்கிரீட் எப்படி மிதக்கும்? வெள்ளத்தில் அமிழும் தொட்டி, வீட்டோடு சேர்ந்த தன் கனத்தைவிட அதிகக் கனமுள்ள தண்ணீரை விலக்க முடிந்தால் தண்ணீர் அதைத் தூக்கிவிடும். ஆர்க்கிமிடிஸ் விதி, கப்பலுக்கும் அதுதான். வீடு ஆற்றோடு போய்விடாமல் பக்கத்தில் உறுதியான கம்பங்கள் நிற்கின்றன. அவற்றைப் பிடித்தபடி ஐந்து மீட்டருக்கு மேலேகூட ஏறி இறங்கலாம். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் வளைந்து கொடுக்கும்படி போட்டிருக்கிறார்கள். 2011 வெள்ளத்தில் அந்த வீடுகள் ஏறி, வடிந்ததும் இறங்கி உட்கார்ந்துகொண்டன.

ஐந்து மீட்டர் ஏறுகிற வீட்டில் கீறல் இல்லை. ஓர் அங்குலம் ஏறுகிற நம் வீட்டில் கீறல். ஏன் என்று உங்களால் இப்போது சொல்ல முடியும். அங்கே முழுத் தொட்டியும் ஒன்றாக ஏறுகிறது. கரிசலிலும் சிலர் இதே யோசனையைக் கையாள்கிறார்கள். வீட்டின் முழு அகலத்துக்கும் கனமான கம்பி போட்ட ஒரே கான்கிரீட் பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் கட்டுகிறார்கள். ராஃப்ட் அஸ்திவாரம் என்பார்கள், தெப்பம் என்றுதான் அதற்கு அர்த்தம். மண் எங்கே உப்பினாலும் பலகை வளையாமல் வீட்டை மொத்தமாகத் தூக்கிக்கொள்ளும்.

கயத்தாறுப் பக்கம் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். நெதர்லாந்திலும் காற்றாலை உண்டு. கிண்டர்டைக் என்ற இடத்தில் பழைய காற்றாலைகள் 19 வரிசையாக நிற்கின்றன, பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. தாழ்ந்த வயல்களிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளத்தான் அவை சுழன்றன. காற்று ஒன்றுதான். அவர்கள் தண்ணீரை விரட்டினார்கள், நாம் மின்சாரம் எடுக்கிறோம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ சுவரில் ஒரு சாய்வான கீறலைக் கண்டுபிடியுங்கள். கீறலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில், கீறலுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, கார்த்திகை கடைசியில் ஒரு தடவை அளந்து பாருங்கள். தூரம் கூடினால் கீறல் விரிகிறது, குறைந்தால் மூடுகிறது. மழைக்கு மூடிக் கோடைக்குத் திறக்கிற கீறல் என்றால் அடியில் கரிசல் வேலை செய்கிறது. எந்தக் காலத்திலும் குறையாமல் கூடிக்கொண்டே போகிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். அளந்த தாளை எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, கட்டடம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.